லண்டன் டு பாரிஸ்: வானத்தில் முக்கால் மணி, வாசலுக்கு வாசல் ஐந்து மணி

கேள்வி: மகள் லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறாள். தம்பி குடும்பம் பாரிஸை ஒட்டிய சார்செல்லில். மகள் வீட்டுக்குப் போகும்போது அப்படியே தம்பியையும் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம். லண்டனுக்கும் பாரிஸுக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஒரு இடத்தில் 344 கி.மீ., இன்னொரு இடத்தில் 460, வேறொன்றில் 492 என்று வருகிறது. எதை நம்புவது? விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்? ரயில் நல்லதா, விமானம் நல்லதா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: மூன்றையுமே நம்பலாம், மூன்றும் வேறு வேறு தூரம். 344 என்பது லண்டன் நடுவிலிருந்து பாரிஸ் நடுவுக்கு உருண்டையான பூமி மேல் நூல் பிடித்து அளந்தால் வருவது. 460 சாலைக் கணக்கு, அதுவும் நடுவில் கடல் இருப்பதால் காரை ரயிலில் ஏற்றிச் சுரங்கத்தைத் தாண்டும் பகுதியையும் சேர்த்து. 492 என்பது செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலிருந்து கார் து நோர் நிலையத்துக்கு யூரோஸ்டார் ரயில் ஓடும் தண்டவாளத்தின் நீளம். விமானத்துக்கு இது எதுவும் பொருந்தாது. ஹீத்ரோவிலிருந்து சார்ல் து கோல் விமான நிலையம் வரை நேர்கோட்டில் சுமார் 348 கி.மீ. இதில் வானத்தில் இருப்பது முக்கால் மணி, மிஞ்சினால் ஐம்பது நிமிடம். ஆனால் டிக்கெட்டில் 1 மணி 15 அல்லது 20 நிமிடம் என்று போட்டிருக்கும். அந்த வித்தியாசம் ஏன் என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார், கீழே வருகிறது.

சரி, எது நல்லது? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் யோசிக்காமல் "ரயில்" என்பார்கள். பொதுவாக அது சரிதான், ஏனென்றால் ரயில் ஊர் நடுவில் ஏற்றி ஊர் நடுவில் இறக்கிவிடுகிறது. ஆனால் உங்கள் மகளும் தம்பியும் ஊர் நடுவில் இல்லையே. ஹாரோ லண்டனுக்கு வடமேற்கே, ஹீத்ரோவுக்குப் பக்கம். எஸ்.எல்.9 பஸ் ஹாரோவிலிருந்து நேரே விமான நிலையத்துக்கே போகிறது. சார்செல் பாரிஸுக்கு வடக்கே, சார்ல் து கோலிலிருந்து காரில் வந்தால் தம்பி உங்களைக் கூட்டிப்போக அரை மணிகூட ஆகாது. அதனால் விமானத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விமானம் என்றால், வீட்டிலிருந்து ஹீத்ரோவுக்கு முக்கால் மணி, அங்கே இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும், பயணம் 1 மணி 20 நிமிடம், இறங்கியதும் பாஸ்போர்ட் வரிசை, பெட்டி வரும் வரை நிற்பது என்று முக்கால் மணி, அப்புறம் கார். ரயில் என்றால், ஹாரோ ஆன் தி ஹில்லில் மெட்ரோபாலிட்டன் லைன் ஏறினால் மாறாமல் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ராஸ், அங்கே ஒன்றே கால் மணிக்குக் குறையாமல் முன்னதாகப் போய்விட வேண்டும் (புறப்பட 30 நிமிடம் இருக்கும்போது கேட்டை மூடிவிடுவார்கள், கெஞ்சினாலும் திறக்காது), பயணம் வேகமான வண்டியில் 2 மணி 16 நிமிடம், கார் து நோரில் இறங்கி அதே நிலையத்தின் அடித்தளத்தில் ஆர்.இ.ஆர். டி புறநகர் ரயிலைப் பிடித்தால் கார்ஜ்–சார்செல் நிலையம் கால் மணி சொச்சம். இரண்டையும் தனித்தனியே கூட்டினால் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் வந்து நிற்கிறது. அரை மணி இப்படி அப்படி.

நேரம் சமம் என்றால் சாமான்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நீங்கள் புதுச்சேரியிலிருந்து வெறுங்கையோடு போகப்போவதில்லை. யூரோஸ்டாரில் பெட்டிக்கு எடை வரம்பு கிடையாது, சாதாரண டிக்கெட்டுக்கே 85 செ.மீ. வரை நீளமுள்ள இரண்டு பெட்டியும் ஒரு கைப்பையும் கொண்டுபோகலாம், நீங்களே தூக்கி வைக்க முடிந்தால் போதும். 100 மில்லி திரவக் கட்டுப்பாடும் இல்லை. நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டே போகலாம். 100 மில்லி விதி இன்னும் இருக்கும் விமான நிலையத்தில் அதே பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் ஒரு இளைஞர் அதை மேலே தூக்கி வெளிச்சத்தில் காட்டி "இது என்ன" என்பார், நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் அது குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். ஆனால் ரயிலானாலும் விமானமானாலும் ஒன்று பொது: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டதால் அங்கிருந்து பிரான்ஸுக்குள் இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோகக் கூடாது. மகள் கட்டித் தரும் கறிக்குழம்பும் நெய் டப்பாவும் ஹாரோவிலேயே இருக்கட்டும். என் ஓட்டு ரயிலுக்கு.

இன்னொன்று, உங்களிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டா, பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டா என்று நீங்கள் எழுதவில்லை. ஊர் புதுச்சேரி என்பதால் கேட்கிறேன், அங்கே ஒரே தெருவில் இரண்டும் இருக்கும். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் லண்டன் விசா பாரிஸுக்குச் செல்லாது, பாரிஸுக்கென்று ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். சொந்த ஊரில் இருக்கும்போதே இரண்டையும் எடுத்துவிடுங்கள், சுற்றுலா விசாவில் லண்டன் போய் அங்கே உட்கார்ந்துகொண்டு ஷெங்கனுக்கு மனுப் போடலாம் என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் என்றால் பிரச்சினை தலைகீழ்: பாரிஸ் உங்கள் வீடு, லண்டனுக்குத்தான் 2025 ஏப்ரல் முதல் இ.டி.ஏ. என்ற முன் அனுமதியைக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும்.

கேள்வி: மகன் அனுப்பிய டிக்கெட்டில் லண்டனில் காலை 10 மணிக்குக் கிளம்பி பாரிஸுக்கு 12.20க்குப் போகிறது. திரும்பி வரும்போது பாரிஸில் 10 மணிக்குக் கிளம்பி லண்டனுக்கு 10.20க்கே வந்துவிடுகிறது. போக இரண்டேகால் மணிக்கு மேல், வர இருபதே நிமிடமா? டிக்கெட் போலியோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், திருச்சி

பதில்: பயப்பட வேண்டாம், நல்ல டிக்கெட்தான். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அந்த ஒரு மணியைக் கூட்டிக் காட்டும், வரும்போது கழித்துக் காட்டும். இரண்டு பக்கமும் உண்மையான பயணம் 1 மணி 20 நிமிடம்தான்.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்தால் பாரிஸ் லண்டனின் கிரீனிச்சுக்குக் கிழக்கே இரண்டு பாகை சொச்சம்தான். சூரியனை வைத்துப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் சுமார் 9 நிமிட வித்தியாசம்தான் இருக்க வேண்டும். போருக்கு முன்னால் பிரான்ஸ் லண்டன் நேரத்தில்தான் இருந்தது. 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸுக்குள் வந்ததும் கடிகாரங்களை பெர்லின் நேரத்துக்குத் திருப்பி வைத்தார்கள். ஜெர்மன்காரர்கள் போய்விட்டார்கள், நேரம் போகவில்லை. ஸ்பெயினும் அதே 1940இல் பிராங்கோ ஆட்சியில் மாற்றிக்கொண்டதுதான், லண்டனுக்கு மேற்கே இருக்கும் மாட்ரிட் இன்றைக்கும் பெர்லின் கடிகாரத்தில் ஓடுகிறது. கோடைக்கு நேரம் மாற்றுவது மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு, இரண்டு நாடும் ஒரே கணத்தில் மாற்றுவதால் அந்த ஒரு மணி வித்தியாசம் எப்போதும் மாறாது. நம் ஊருக்குத்தான் மாறும்: லண்டன் குளிர்காலத்தில் நம்மைவிட 5.30 மணி பின்னால், கோடையில் 4.30.

கேள்வி: விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் என்று படிக்கிறோம். அப்படியானால் 348 கி.மீ.க்கு 26 நிமிடம் போதுமே. ஏன் 1 மணி 20 நிமிடம் என்று அட்டவணையில் போடுகிறார்கள்? ஏமாற்றா?
– பொறியியல் மாணவர், கோவை

பதில்: நல்ல கேள்வி. கொஞ்சம் ஏமாற்றும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அட்டவணை நேரம் என்பது பறக்கும் நேரம் இல்லை தம்பி. கேட்டில் நிற்கும் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுப்பதில் தொடங்கி, அடுத்த ஊர் கேட்டில் கட்டையைத் திரும்ப வைப்பது வரை. இதைப் பிளாக் டைம் என்பார்கள். ஹீத்ரோவில் கதவைச் சாத்தியதும் ஒரு வண்டி விமானத்தைப் பின்னால் தள்ளும், என்ஜினை ஓடவிடுவார்கள், அப்புறம் ஊர்ந்து ஊர்ந்து ரன்வே முனைக்குப் போய் வரிசையில் நிற்கும். ஹீத்ரோவுக்கு இருப்பதே இரண்டு ரன்வே, அதுவும் பெரும்பாலும் ஒன்று ஏற, ஒன்று இறங்க. ஆண்டுக்கு 4,80,000 ஏற்ற இறக்கங்கள் என்று உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள், கிட்டத்தட்ட அந்த வரம்பை முட்டிக்கொண்டே ஓடுகிறது. ஜன்னல் சீட் கிடைத்தால் பாருங்கள், முன்னால் நான்கைந்து வால்கள் வரிசையாகத் தெரியும்.

ஏறிய பிறகும் உடனே 800 வேகம் வராது. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் வேகம்தான், அதாவது மணிக்கு சுமார் 460 கி.மீ. ஏறிக்கொண்டிருக்கும்போதே பாரிஸ் பக்கத்தில் இறங்கத் தொடங்க வேண்டிய நேரம் வந்துவிடும், இந்தத் தடத்தில் முழு உயரத்தில் முழு வேகத்தில் நிம்மதியாகப் போகும் நேரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பணிப்பெண்கள் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டு உடனே குப்பைப் பையோடு திரும்பி வருவது அதனால்தான். பாதையும் நேர்கோடு கிடையாது. புறப்படும் ரன்வே மேற்கே பார்த்து இருந்தால் பாரிஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறி, வளைந்துதான் தென்கிழக்கே திரும்ப வேண்டும்.

திரும்பி வரும்போது இன்னொரு கூத்து. ஹீத்ரோவைச் சுற்றி வானத்தில் நான்கு காத்திருக்கும் இடங்கள் உண்டு: போவிங்டன், லாம்போர்ன், ஓக்கம், பிக்கின். பாரிஸ் பக்கமிருந்து வருவது பெரும்பாலும் பிக்கினுக்கு. ரன்வே கிடைக்கும் வரை ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஆயிரம் ஆயிரம் அடி இடைவெளியில் விமானங்கள் நீள்வட்டம் போட்டுக்கொண்டிருக்கும், கீழே ஒன்று கழன்றால் மேலே இருப்பது ஒரு படி இறங்கும், மாடிப்படி மாதிரி. கீழே அதே கென்ட் வயலும் அதே சாலையும் இரண்டாம் முறை தெரிந்தால் சுற்றுகிறோம் என்று அர்த்தம்.

இப்போது அந்த ஏமாற்று. தாமதம் என்று பெயர் வாங்காமல் இருக்க விமான நிறுவனங்கள் அட்டவணையிலேயே சில நிமிடங்களைக் கூட்டிப் போட்டுக்கொள்கின்றன. வரிசை இல்லாத நாளில் "15 நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று விமானி பெருமையாகச் சொல்வதில் பாதி இந்தச் சேமிப்புதான்.

ஐரோப்பாவில் எந்த இரண்டு ஊருக்கும் ஒரு மனக்கணக்கு: நேர்கோட்டுத் தூரத்தை 800ஆல் வகுத்து, வரும் நேரத்தோடு 40 நிமிடம் கூட்டுங்கள். பாரிஸ்–ரோம் சுமார் 1,100 கி.மீ., கணக்குப்படி 2 மணி சொச்சம், அட்டவணையும் கிட்டத்தட்ட அதுதான். லண்டன்–ஏதென்ஸ் சுமார் 2,400 கி.மீ., 3 மணி 40 நிமிடம், அதுவும் பக்கத்தில் வந்துவிடும். லண்டன்–பாரிஸுக்கு மட்டும் இந்தக் கணக்கு பத்துப் பதினைந்து நிமிடம் குறைவாகக் காட்டும், ஏனென்றால் இரண்டு முனையிலும் நெரிசல்.

ஒரு கொசுறு: இந்தத் தடத்தில் தினசரி விமானச் சேவை தொடங்கியது 1919 ஆகஸ்ட் 25. லண்டனின் ஹவுன்ஸ்லோ ஹீத்திலிருந்து பாரிஸின் லெ பூர்ஜேவுக்கு, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். முதல் விமானத்தில் போன பயணி ஒரே ஒருவர், மிச்ச இடத்தில் செய்தித்தாள்களும் டெவன்ஷர் கிரீமும் வேட்டைப் பறவைகளும். இன்றைய யூரோஸ்டார் அதைவிட வேகம், இன்றைய விமானமும் வேகம், வாசலுக்கு வாசல் பார்த்தால் நாம் பெரிதாக ஒன்றும் முன்னேறவில்லை.

கேள்வி: 25 யூரோவுக்கு "பாரிஸ்" டிக்கெட் ஒன்று பார்த்தேன். விமான நிலையத்தின் பெயர் போவே என்று இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், டப்ளின்

பதில்: வாங்கலாம், ஆனால் போவே பாரிஸ் இல்லை. பாரிஸிலிருந்து 80 கி.மீ.க்கு மேல் வடக்கே இருக்கும் வேறு ஊர், பஸ் பிடித்துத்தான் வர வேண்டும், பஸ் காசையும் ஒன்றரை மணி நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். நடு இரவில் இறங்கும் விமானமென்றால் பேசாமல் விட்டுவிடுங்கள். பிராங்ஃபர்ட் ஹான் என்று ஒன்று இருக்கிறது, அது பிராங்ஃபர்ட்டிலிருந்து 120 கி.மீ. ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள், விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை வரைபடத்தில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: விமானம் தாமதமானால் காசு தருவார்களாமே, எவ்வளவு நேரம் தாமதமாக வேண்டும்? எனக்கு 2 மணி 58 நிமிடம் தாமதம். தர மாட்டேன் என்கிறார்கள்.
– வாசகி, ஜெர்மனி

பதில்: அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். அந்த 2.58 எந்தக் கணத்து நேரம் என்பதுதான் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, சேரும் ஊருக்கு 3 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகப் போனால் இழப்பீடு உண்டு. 1,500 கி.மீ. வரை 250 யூரோ, அதற்கு மேல் 3,500 வரை 400, இன்னும் தொலைவு என்றால் 600.

உங்களுடையது போலவே ஒரு வழக்கு வந்தது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன்–பான் போன விமானம், சக்கரம் தரையைத் தொட்டபோது தாமதம் 2 மணி 58 நிமிடம். நிறுத்துமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம். அதற்கப்புறம்தான் கதவு திறந்தது. தரையைத் தொட்டதே வந்து சேர்ந்த நேரம் என்றது நிறுவனம். 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: பயணி வெளியே போகலாம் என்று ஒரு கதவாவது திறக்கும் கணம்தான் வந்து சேர்ந்த நேரம், அதுவரை அவர் அடைபட்டுத்தான் இருக்கிறார். அதனால் உங்கள் 2.58 ரன்வே நேரமா, கதவு நேரமா என்று எழுத்தில் கேளுங்கள். இறங்கியதும் பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்பே போனில் நேரம் பார்க்கிற நாம், கதவு திறக்கும்போது ஒருமுறை பார்த்தால் நல்லது.

தூரத்திலும் இதே மாதிரி ஒரு சங்கதி. ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போனவர்கள் இழப்பீடு கேட்டார்கள். இரண்டு விமானத்தின் தூரத்தையும் கூட்டினால் 1,656 கி.மீ., 400 யூரோ வர வேண்டும். ரோமுக்கும் ஹாம்பர்குக்கும் நேர்கோடு 1,326 கி.மீ.தான், 250 யூரோ. 2017இல் நீதிமன்றம் நேர்கோட்டைத்தான் எடுத்தது, எத்தனை ஊர் சுற்றினாலும் தொடக்கமும் முடிவும்தான் கணக்கு, சுற்றிப் போனதால் உங்கள் துன்பம் கூடவில்லை என்பது வாதம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை, பிரஸ்ஸல்ஸில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு நிற்கிறவனுக்குத் துன்பம் கூடத்தான் செய்கிறது. ஆனால் சட்டம் இதுதான். லண்டன்–பாரிஸுக்கும் இதேதான், பிரிட்டன் சட்டத்தில் கேட்டால் 220 பவுண்டு. மோசமான வானிலை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் இதற்கெல்லாம் இழப்பீடு கிடையாது, நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தால் உண்டு. எந்தக் காரணமானாலும் காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடும், இரவு தங்க வேண்டி வந்தால் அறையும் அவர்கள் பொறுப்பு. கேட்டு வாங்குங்கள், தானாக வராது.

கேள்வி: ரயில் ஓடும் ஊர்களுக்கு விமானம் கூடாது என்று பிரான்ஸ் சட்டம் போட்டதாமே? லண்டன்–பாரிஸ் விமானம் நின்றுவிடுமா?
– வாசகர், சென்னை

பதில்: நிற்காது. அது 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்தது, பிரான்ஸுக்கு உள்ளே ஓடும் விமானங்களுக்கு மட்டும், அதுவும் ரயிலில் இரண்டரை மணிக்குள் போக முடிகிற ஊர்களுக்கு மட்டும். பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து நான்ட், லியோன், போர்தோ என்று மூன்று தடங்கள்தான் அடிபட்டன. ரயில் 2 மணி 16 நிமிடத்தில் போனாலும் லண்டன் வேறு நாடு.

கேள்வி: பாரிஸ் கார் து நோரில் இறங்கியதும் அடுத்த ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது. எங்கே போகலாம்? ஈபிள் டவர் போய் வர முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: பெட்டியோடு ஈபிள் டவருக்கு ஓடாதீர்கள், போய் அண்ணாந்து பார்த்துவிட்டு ஓடி வருவதற்கே நேரம் சரியாக இருக்கும். நிலையத்தை விட்டு வெளியே வந்து ரு து ஃபோபூர் சேன் தெனி தெருவில் வடக்கே ஐந்து நிமிடம் நடங்கள், லா ஷாப்பெல் வந்துவிடும். கடைப் பலகைகள் தமிழில் இருக்கும். முருங்கைக்காய் அடுக்கிய மளிகைக்கடை, புடவைக்கடை, நகைக்கடை, முடிதிருத்தும் கடை, கொத்துரொட்டி போடும் சத்தம், எல்லாம் ஒரே நீளத்தில். ஈழத்திலிருந்து எண்பதுகளுக்குப் பிறகு வந்தவர்கள் கட்டியெழுப்பிய தெரு இது. பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம், ஆகஸ்ட் கடைசி வாக்கில் தேர் வரும்போது தெருவெல்லாம் தேங்காய் உடைத்துக் குவித்திருப்பார்கள். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ரயிலுக்குச் சுடச்சுட இரண்டு ரோல்ஸ் கட்டிக்கொண்டு திரும்புங்கள். திரும்ப லண்டன் போகும் வண்டியென்றால் மாடியில் இருக்கும் யூரோஸ்டார் பகுதிக்கு நேரத்தோடு ஏறிவிட வேண்டும், பிரான்ஸை விட்டு வெளியேறும் சோதனை, பிரிட்டனுக்குள் நுழையும் சோதனை இரண்டும் அங்கேயே முடிந்துவிடும். லண்டனில் இறங்கியதும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: ஐரோப்பாவிலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் எது?
– ஏழாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

பதில்: ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குப் போகும் விமானம்தான், ஐரோப்பாவில் மட்டுமில்லை, உலகத்திலேயே அட்டவணை போட்டு ஓடுவதில் அதுதான் குறுகியது. தூரம் 2.7 கி.மீ., ஹீத்ரோவின் ரன்வேயே அதைவிட நீளம். அட்டவணையில் 2 நிமிடம் என்று போட்டிருக்கும், காற்று சாதகமாக இருந்த ஒரு நாள் 53 விநாடியில் போயிருக்கிறது. எட்டுப் பேர் உட்காரும் குட்டி விமானம், ஆசிரியர்களும் நோயாளிகளும் போய் வருகிறார்கள். நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: சாப்பிட எதுவும் தர மாட்டார்கள்.